பேரிக்காயில் தைல வாடை

தொழிற்சாலையில் அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர். பார்ப்பதற்கு அந்த மூக்கில் விசேஷம் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் சப்பை, நுனியில் ஒரு மச்சம், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டில் பால் அடிபிடித்தால் அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். எதிரே வருகிறவர் காலையில் எந்த சோப்புப் போட்டுக் குளித்தார் என்று சொல்லிவிடுவாள். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். "மத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைச்சா ஊர்ல அடிதான் விழும். என் வீட்டுக்காரிக்கு மட்டும் அதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க" என்று பயணிகளிடம்கூடச் சொல்லிச் சிரிப்பார்.

முதலில் அவள் காலி பாட்டில் பார்க்கும் வேலையில் இருந்தாள். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகரும். விரிசல், அழுக்கு, உள்ளே செத்துக் கிடக்கும் பூச்சி என்று கண்ணில் பட்டதை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். ஒரு நாள் மாடியில் சுவை கலக்கும் லேபிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து எல்லோருக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். மூடி போட்ட மூன்று கப்புகள். இரண்டில் ஒரே சோடா, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் குடித்துக் குடித்துப் பார்த்துவிட்டுக் கூரையை அண்ணாந்து யோசித்தார்கள். இவள் மூடிகளைத் தூக்கினாள், நடுக் கப்பைத் தள்ளி வைத்தாள். வாயில் ஒரு சொட்டுகூட விடவில்லை. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் தப்பவில்லை. அடுத்த மாதம் அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

அவர்கள் தயாரித்த பழச் சோடாவை அறியாதவர் இருக்க முடியாது. எந்த நாட்டுக் கடையிலும் அதே பாட்டில், அதே துள்ளும் எழுத்து. உள்ளே இருப்பதுதான் நாட்டுக்கு நாடு வேறு. ஆரஞ்சு எல்லா இடத்திலும் உண்டு. அதிலும் ஒரு நாட்டு ஆரஞ்சு தோல் கசப்போடு வெளிறிப் போயிருக்கும், இன்னொரு நாட்டு ஆரஞ்சு குழந்தை வரைந்த சூரியனைப் போலக் கண்ணைப் பறிக்கும். அது போக ஒரு நாட்டில் கறுப்புத் திராட்சை, ஒன்றில் லிச்சி, ஒன்றில் அன்னாசி, ஒன்றில் ஏதோ ஒரு வெள்ளைப் பூவின் சாறு, ஒன்றில் நாக்கைச் சுருட்டிவிடுகிற புளிப்புப் பெர்ரி. ஒரு நாட்டுக்காரன் ஆசையாகக் குடிக்கிற முலாம்பழத்தை அடுத்த நாட்டுக்காரன் சோப்புத் தண்ணீர் என்று துப்பிவிடுவான். இந்தச் சுவைகளில் பலவற்றை இந்த லேபில்தான் கலந்தார்கள். சுவர் நெடுகக் கண்ணாடி அலமாரி. அதில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பாட்டில்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழியில் ஒட்டிய லேபிளோடு நிற்கும். மூக்குக்காரிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு அந்தப் பாட்டில்களில் எதைத் திறந்து நீட்டினாலும், எந்தத் திசை நாடு என்று கை காட்டிவிடுவாள்.

ருசி பார்க்கும் குழுவில் பத்துப் பேருக்குமேல் இருந்தார்கள். தடுப்புத் தடுப்பாகச் சின்ன அறைகள், ஓர் ஆளும் ஒரு மேசையும் மட்டும் கொள்கிற அளவு. உள்ளே சிவப்பு பல்பு எரியும். அந்த வெளிச்சத்தில் பச்சைச் சோடாவும் மஞ்சள் சோடாவும் ஒரே நிறமாகத் தெரியும், கண் நாக்கை ஏமாற்ற முடியாது. கப்புக்கு மேல் ஒரு மூடி. மூடிக்குள் வாசனை சேர்ந்து நிற்கும். மூடியைத் தூக்கிய கணத்தில் மூக்கு என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. கப்பில் ஊற்றி, மூடி போட்டு, தட்டுத் தட்டாக அறைகளுக்கு அனுப்புவதைக் குழுவில் ஒருவரே முறைவைத்துச் செய்வார். ஊற்றுகிறவர் அன்றைக்கு ருசி பார்க்கக் கூடாது. கையுறை போடவும் கூடாது, ரப்பருக்கென்று ஒரு வாடை உண்டு. மணமில்லாத சோப்பில் கழுவிய வெறுங்கைதான்.

இந்த வேலைக்குப் போகிறவளின் வீடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாசனைச் சோப்புக் கிடையாது, பவுடர் கிடையாது, காலையில் வெங்காயம் நறுக்கக் கூடாது. கணவருக்கு நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து இடுப்புப் பிடிப்பு. அவர் தைலம் தடவிக்கொள்வது சாயங்காலம் அவள் திரும்பி வந்த பிறகுதான். "எல்லா வீட்டுலயும் பொண்டாட்டி கையால தைலம் தேய்ச்சு விடுவாங்க. நான் தைலம் தடவணும்னா லீவு லெட்டர் குடுக்கணும்" என்று அவர் முனகுவார்.

கட்டுப்பாட்டில் அவள் மற்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தலைக்கு வாசனை எண்ணெய் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெண் கதவைத் தாண்டுவதற்குள் மூக்குக்காரி எழுந்து நின்று, யாரோ எண்ணெய் வைத்திருக்கிறார்கள், இந்த அறையில் இனி இன்று எதையும் ருசி பார்க்க முடியாது என்று அறிவித்தாள். மறுநாளே அந்தப் பெண்ணைக் கீழே லேபிள் ஒட்டும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே படியிறங்கியதைப் பார்த்தபோது மூக்குக்காரிக்குப் பாவமாக இருந்தது. கூடவே ஒரு பெருமையும் இருந்தது. அன்றிலிருந்து குழுத் தலைவி அவளிடம் தனி மரியாதை வைத்தாள்.

லேபில் கலவை மேசையில் ஓர் இளைஞன் இருந்தான். பெரியவர்களுக்கு எடுத்துக்கொடுத்து, அளந்துகொடுத்து, பாட்டில் கழுவிப் பல வருஷம் காத்திருந்தவன். அவனை அவள் தம்பி என்றும், அவன் அவளை அக்கா என்றும் கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். அவனுக்கு ஒருவழியாகத் தனியாக ஒரு சுவை கலக்க வாய்ப்புக் கிடைத்தது. ஒரு குளிர் நாட்டுக்குப் புதிய பழம் ஒன்று வேண்டும். மூத்த கலவைக்காரர் பச்சை ஆப்பிள் கலந்தார். இவன் பேரிக்காய் எடுத்துக்கொண்டான். இரண்டில் எது தேறுகிறதோ அது போகும். பேரிக்காய் தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும், அது வழக்கம்தான். ஆனால் மட்டமான வாடையோடு தோற்றால் கலவை மேசையில் இடம் இருக்காது, கீழே சிரப் தொட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். மூக்குச் சரியில்லாதவனுக்கு மாடியில் என்ன வேலை.

அவன் பேரிக்காயோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றான். சாதாரணப் பேரிக்காய் எசன்ஸில் நகப்பூச்சு வாடைதான் மேலே நிற்கும். அவன் அதை அமுக்கி, பழத்தின் தோலைக் கடிக்கும்போது வருகிற பச்சை மணத்தைக் கொண்டுவந்து, அதற்கடியில் கனிந்து கையில் ஒட்டுகிற இனிப்பை வைத்தான். ஒரு நாள் மூக்குக்காரியிடம் சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் மோந்தாள், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மோந்தாள். பிறகு, "தம்பி, இதுல கொட்டைகூட இருக்குடா" என்றாள். அவனுக்கு அது போதும், அன்றைக்குச் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

சோதனை நாள் வந்தது. ஊற்றும் முறை அவளுடையது.

அன்று விடிந்ததும் கணவரால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து எழுந்தவர் பாதியில் வில்லாக வளைந்து நின்றுவிட்டார். வண்டி எடுக்கிற நேரம் நெருங்குகிறது. அவர் தைலம் என்று வாயைத் திறந்து கேட்கவில்லை, அவள்தான் பொறுக்காமல் டப்பாவை எடுத்தாள். தேய்த்துவிட்டு அவரை நிமிர்த்தி அனுப்பிய பிறகு கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மோந்து பார்த்தாள், சுத்தமாக இருந்தது. தேய்க்கும்போது நடுவில் ஒருமுறை கதவைத் திறக்க வேண்டியிருந்ததும், அப்போது விரல்களை வேலைக்குப் போட்டிருந்த அங்கியின் பையில் இருந்த கைக்குட்டையில் துடைத்துக்கொண்டதும் அவளுக்கு நினைவில் இல்லை.

முதலில் ஆப்பிள் தட்டுகள் போயின. ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் அவள் கையைக் கழுவினாள். பேரிக்காய்த் தட்டுகளுக்கு முன் கழுவிவிட்டுத் திரும்பினால் துடைக்கிற காகிதம் தீர்ந்திருந்தது. உள்ளே ஆட்கள் சிவப்பு வெளிச்சத்தில் காத்திருக்கிறார்கள், சோடாவில் வாயு இறங்கிக்கொண்டிருக்கிறது. அவள் பையிலிருந்து கைக்குட்டையை உருவித் துடைத்துக்கொண்டு, கப்புகளுக்கு மூடி போட்டாள். மூடியை எடுக்கும்போது விரல் நுனிகள் உட்புறத்தில்தான் படும். அது இத்தனை வருஷப் பழக்கம். விடிந்ததிலிருந்து தைலத்திலேயே இருந்த மூக்கு அந்த ஒரு வாடைக்கு மட்டும் அப்போது மரத்திருந்தது.

முடிவைக் குழுத் தலைவி அன்று பிற்பகலே எல்லோரையும் உட்கார்த்தி வாசித்தாள். ஆப்பிளுக்கு நல்ல பெயர். பேரிக்காய்க்கு வந்தபோது அவள் குரல் கொஞ்சம் தயங்கியது. மருந்து வாடை என்று ஒருவர் எழுதியிருந்தார், தைலம் என்று ஒருவர், இருமல் மிட்டாய் என்று ஒருவர். காய்ச்சல்காரர் படுத்திருக்கிற அறை என்று ஒருவர் எழுதியிருந்ததைத் தலைவி வாசித்தபோது சிலர் சிரித்தார்கள். இளைஞன் சிரிக்கவில்லை. மூக்குக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. அதில் தைலம் எங்கிருந்து வந்தது. நெற்றி வியர்த்தது. பையில் கை விட்டுக் கைக்குட்டையை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனாள்.

அவ்வளவுதான், புரிந்துவிட்டது. எடுத்த கையை அப்படியே இறக்கிக் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தாள். யாரும் பார்க்கவில்லை. அப்போதே எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், எழுந்துவிடுவோம் என்றுதான் நினைத்தாள். எண்ணெய் வைத்த பெண் படியிறங்கிய முதுகு கண்முன் வந்து நின்றது. தலைவி அடுத்த வேலையைப் பேசத் தொடங்கிவிட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பிறர் விஷயத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அன்று வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சொல் செருப்பில் ஏறிய கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

பேரிக்காய்க்கு இன்னொரு வாய்ப்புத் தருவதாகத் தலைவி சொல்லியிருந்தாள். அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து எடுத்துவிட்டு வரட்டும். இல்லாத ஒன்றைத் தேடச் சொன்னால் மனிதன் எங்கே போவான். அவன் கலவையை அக்கக்காகப் பிரித்தான். ஒவ்வொரு பொருளையும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு அவளிடம்தான் வந்து நின்றான்.

"அக்கா, இதுல அந்த வாடை இருக்கா?"

"இல்லப்பா."

"நல்லாப் பாருங்க. எல்லாரும் எழுதியிருக்காங்களே. பத்துப் பேர் மூக்கு பொய் சொல்லுமா?"

பொய் சொல்லாது என்றுதான் அவளும் சொல்ல வேண்டியிருந்தது. பத்து மூக்கும் உண்மையைத்தான் எழுதியிருந்தது.

அவள் அரைகுறையாக ஒரு முயற்சி செய்து பார்த்தாள். தலைவியின் அறைக்குப் போய், ஒருவேளை கப்பிலோ மூடியிலோ ஏதாவது வாடை பட்டிருக்கலாம், பேரிக்காயைப் பழையபடியே இன்னொரு முறை வைத்துப் பார்க்கலாமே என்று மெதுவாகச் சொன்னாள். தலைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அன்பாகச் சிரித்தாள்.

"வேற யாராவது ஊத்தியிருந்தா எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஊத்தினது நீங்க. உங்க கையில அப்படி நடக்காதும்மா."

இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த நல்ல பெயர் அன்று அவள் வாயை அடைத்தது. "இல்ல மேடம், நான் சும்மா சொன்னேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று, சும்மா சொன்னேன் என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாய் கசந்தது.

வீட்டிலும் அவள் அவளாக இல்லை. கணவர் தைலம் கேட்டால் டப்பாவை அவர் மடியில் எறிகிற மாதிரி வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். என்னங்க ஆச்சு என்று அவள் கேட்க வேண்டிய இடத்தில், என்னம்மா ஆச்சு என்று அவர் கேட்க ஆரம்பித்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, மூக்குதான். எதை மோந்தாலும் அதன் பின்னால் தைலம் நின்றது.

அதைவிடக் கொடுமை, அவனுக்கும் அப்படியே ஆகிவிட்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முதலில் அந்தப் பச்சைத் தோல் மணத்தில் தைலம் இருப்பதாக முடிவு செய்து அதை எடுத்தான். பிறகு புளிப்பில் இருப்பதாக நினைத்து அதைக் குறைத்தான். பிறகு வெறும் சர்க்கரைத் தண்ணீரை மோந்துவிட்டு, "இதுலயும் லேசா வருதுக்கா" என்றான். மிஞ்சியது நகப்பூச்சு வாடையும் இனிப்பும்தான். அவள் அதை நாக்கில் வைத்தபோது, அருமையாக வளர்ந்த பிள்ளையை யாரோ மொட்டையடித்து, பழைய சட்டை மாட்டிக் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருந்தது.

"தோல் மணம் எங்கே தம்பி?"

"அதுதான் கெடுத்துச்சு. எடுத்துட்டேன்."

"அது கெடுக்கல. அதுதான் உயிரு."

"உயிரு எது, உசுரை எடுக்கிறது எதுன்னு எனக்குத் தெரியலையேக்கா" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. மறு சோதனைக்கு முன்பே சிரப் தொட்டிக்கு மாற்றல் கேட்டு மேடத்தைப் பார்க்கப் போவதாகவும், அவர்களாக அனுப்புவதற்குள் தானாகப் போய்விடுவது மரியாதை என்றும் சொன்னான். தொட்டியில் சிரப்பை அளக்க மூக்கு வேண்டாம், அளவுக்கோல் போதும்.

அவன் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். அவளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. வராந்தா ஓரம் அவனைக் கூட்டிக்கொண்டு போய், கணவரின் இடுப்பில் தொடங்கிக் கைக்குட்டை, மூடி என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துத் தலையைத் தூக்கினால், அவன் கண் கலங்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்காகப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்களாக்கா?"

"ஐயோ இல்லப்பா, நெசமா."

"எங்க அம்மாகூட இப்படித்தான். பால் அடிபிடிச்சா நான்தான் அடுப்பைக் கூட்டி வச்சிட்டேன்னு சொல்லி அப்பாகிட்ட திட்டு வாங்குவாங்க. வச்சது நானா இருப்பேன்." அவன் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க சொன்னதே போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். குற்றத்தைச் சொன்னதற்குக் கும்பிடு கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. போகிறவனைக் கூப்பிட்டு, பழைய பேரிக்காயில் ஒரு பாட்டிலாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டாள். குளிர்பெட்டியின் அடியில் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு விடுமுறையன்று வீட்டுக்கு வா என்றாள். வரமாட்டேன் என்றான். வந்துதான் ஆக வேண்டும் என்று அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது, வந்தான்.

அன்று மதியம் கணவர் கூடத்தில் குப்புறப் படுத்திருந்தார். வந்தவனை அப்படியே கிடந்தபடி வரவேற்றார். "வாங்க தம்பி. எழுந்து கை குடுக்க முடியல, முதுகைத் தொட்டுக்கங்க." வீடு முழுக்கத் தைல மணம். அதனால் அவள் அவனை மாடிப்படி ஏற்றி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். காற்று நன்றாக வீசியது. இரண்டு கப்பில் பேரிக்காயை ஊற்றினாள். முதல் கப்பை அவனையே மூடச் சொன்னாள். பிறகு கீழே இறங்கிப் போய்க் கணவர் இடுப்பில் தைலம் தேய்த்தாள், நடுவில் விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மேலே வந்து கையை விரித்து அவன் மூக்கருகே நீட்டினாள். ஒன்றுமில்லை என்றான். மறுபடி கையை நனைத்து, அந்தக் கைக்குட்டையில் துடைத்து, இரண்டாவது கப்புக்கு மூடி போட்டாள். லேபில் தட்டு அறைக்குப் போய்ச் சேர ஆகிற நேரம் வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பக்கத்து மாடியில் யாரோ போர்வையை உதறிக் காயப்போட்டார்கள்.

அவன் முதல் மூடியைத் தூக்கினான். பச்சைத் தோல், கனிந்த சதை, அவள் சொன்ன அந்தக் கொட்டை. வைத்துவிட்டு இரண்டாவதைத் தூக்கினான். உடனே மூடிவிட்டான். மறுபடி திறந்தான். மூடியைத் திருப்பி உட்புறத்தை மோந்தான். பிறகு அதை மெதுவாகக் கப்பின் மேல் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயம்ப்பா."

"பத்து நாளைக்கு மேல ஆச்சு. காலையில பால் கெட்டுப் போச்சான்னு அம்மாவை மோந்து பாக்கச் சொல்றேன். சட்டை அழுக்கான்னு தங்கச்சியைக் கேக்கறேன். மூக்கே இல்லாதவன் மாதிரி திரியறேன்." சுவரிலிருந்து நிமிர்ந்தான். "தினம் உங்ககிட்டதான் வந்து நின்னேன். ஒவ்வொரு பாட்டிலையும் மோந்து பாத்துட்டு, இல்லப்பா இல்லப்பான்னு சொன்னீங்க."

அவளுக்கு மன்னிச்சுக்கோ என்ற சொல் நுனி நாக்கு வரை வந்தது. அதைக் கேட்டால் அவன் ஏதாவது தர வேண்டியிருக்கும், அதையும் அவனிடம் பிடுங்க அவளுக்கு மனமில்லை. அவன் கப்புகளைக் கையில் எடுத்தான், குடிக்காமல் சுவரோரம் ஊற்றிவிட்டான்.

"மேடம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா உங்க மேல பழி போடறேன்னு நெனைப்பாங்க."

அவன் இறங்கிப் போன பிறகு அவள் கூடத்துக்கு வந்தாள். சங்கதியைக் கேட்ட கணவர் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். "அப்ப என் இடுப்புதானா காரணம்?" என்றார். "உங்க இடுப்பு என்ன பண்ணுச்சு. வாய் எனக்குத்தானே இருக்கு" என்றாள் அவள்.

மறுநாள் காலை அங்கியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டுதான் தலைவியின் அறைக்குப் போனாள். இந்த முறை ஒருவேளை, லேசாக, பட்டிருக்கலாம் என்றெல்லாம் இழுக்கவில்லை. தைலம் என் கைக்குட்டையில் இருந்தது, அன்றே எனக்குத் தெரியும் என்றாள். தலைவி பேனாவை மூடி வைத்தாள்.

"கைக்குட்டைன்னா விட்டுடுவேன். யாருக்கும் நடக்கும். அன்னிக்கே தெரியும்ங்கறீங்களே, அதை நான் என்ன பண்றது?"

"எண்ணெய் வச்ச பொண்ணை என்ன பண்ணீங்களோ அதைப் பண்ணுங்க மேடம்."

அதைத்தான் பண்ணினார்கள். அவளை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே போய்த் தேடினால் அந்தப் பெண் இல்லை. வேலையை விட்டு எப்போதோ போய்விட்டாளாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. குளிர் நாட்டுக்கு ஆப்பிள் போய்விட்டது, அதைத் திருப்ப முடியாது. பேரிக்காயை வேறொரு நாட்டுக்குக் காட்டலாம், அதற்குப் பழைய கலவையையே புதிதாகப் போட்டுக்கொண்டு வரட்டும் என்று தலைவி அவனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

லேபிள் பிரிவில் பசை வாடை. முதல் வாரம் அவளுக்குத் தலை வலித்தது, பிறகு பழகிவிட்டது. பாட்டில்கள் சுற்றிச் சுற்றி வரும், லேபிள் சுருங்கியதையும் கோணியதையும் எடுத்து வைப்பாள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் ஏன் இறங்கி வந்தாள் என்று தெரியும். முதலில் கேலி செய்தார்கள், அவள் அதற்குச் சிரிக்கவும் இல்லை கோபித்துக்கொள்ளவும் இல்லை, அதோடு விட்டுவிட்டார்கள்.

மறு சோதனை அன்று, கீழே வாயு ஏற்றிக்கொண்டு மாடிக்குப் போகிற பாட்டில் தட்டு அந்தப் பிரிவின் வழியாகத்தான் போயாக வேண்டியிருந்தது, லிஃப்ட் பழுது. அவனே தூக்கிக்கொண்டு வந்தான். அவளுக்கு எதிரே வந்தபோது நடை கொஞ்சம் தளர்ந்தது. நின்று பாட்டிலை நீட்டுவான், இதுல சரியா இருக்கா என்று கேட்பான் என்று அவள் நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று வாய் தயாராகிவிட்டது. அவன் கேட்கவில்லை. அவளைப் பார்த்தான், அக்கா என்று கூப்பிடவில்லை, தலையை லேசாக அசைத்தான், தானே ஒருமுறை தட்டின் மேல் குனிந்து மோந்துகொண்டான். முகம் தெளிவாக இருந்தது. படியேறினான்.

தட்டு கடந்துபோன காற்று இன்னும் அங்கேயே இருந்தது. ஒரு மூச்சு இழுத்தால் போதும், தோல் மணம் திரும்பி வந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, கோணலாக ஒட்டியிருந்த லேபிள் ஒன்றை நகத்தால் உரிக்க ஆரம்பித்தாள்.